பகல் ஒன்றரை மணியின் படம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையின் காற்று மாசு குறித்த தங்கள் கட்டுரையோடு வெளியான செயற்கைக்கோள் வரைபடத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "நம் தெருவே சிவப்பில் கிடக்கிறதே!" என்று என்னிடம் கவலைப்பட்டார். எங்கள் தெருவைத் தனியாகக் காட்ட அந்தப் படத்தால் முடியாது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இத்தகைய படங்களுக்குத் தரவு தருவது 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோள். அதிலுள்ள ட்ரோபோமி கருவி, பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் எவ்வளவை வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் டைஆக்சைடு உறிஞ்சியிருக்கிறது என்று பார்த்து அந்த வாயுவின் அளவைக் கணக்கிடுகிறது. அது தரும் படத்தில் ஒரே நிறமாகத் தெரியும் ஒரு கட்டம் தரையில் ஏறத்தாழ 5.5 கி.மீ. நீளமும் 3.5 கி.மீ. அகலமும் உடையது என்பதால், திருவொற்றியூர் நெடுஞ்சாலையும் அதையொட்டிய கடலும் ஒரே நிறத்துக்குள் அடங்கிவிடக்கூடும். அதிலும் கிடைப்பது, தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரம் வரையுள்ள காற்றுத் தூணின் மொத்தக் கணக்கு. நாம் மூச்சில் இழுக்கும் காற்றின் கணக்கு அன்று.

நேரத்தைப் பற்றித்தான் எனக்குப் பெரிய குறை. இந்தச் செயற்கைக்கோள் நம் ஊரைக் கடப்பது பகல் ஒன்றரை மணியளவில். வெயிலில் தரை சூடேறி, காற்று மேலெழுந்து கலந்து, கடற்காற்றும் வீசத் தொடங்கியிருக்கும் வேளை அது. போகியன்று விடிகாலையில் எதிர்வீட்டு வேப்பமரம் தெரியாத அளவுக்குப் புகை மண்டியிருந்தாலும், ஒன்றரை மணிக்குள் அதில் பெரும்பகுதி கலைந்துவிடும். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவு முழுவதும் எண்ணூர் விரைவுச் சாலையில் என்ஜினை அணைக்காமல் நின்றாலும், சூரிய ஒளியை நம்பியிருக்கும் கருவிக்கு அந்த இரவு இல்லவே இல்லை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகம் மறைத்துக்கொள்ளும் நாட்களும் கணக்கில் விடுபடுகின்றன.

பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளை விண்ணிலிருந்து நேரடியாக எடைபோடவும் இயலாது. துகள்கள் ஒளியை எவ்வளவு மங்கச் செய்கின்றன என்பதிலிருந்து ஊகிக்கிறார்கள்; நம் கடற்கரை ஈரப்பதத்தில் துகள்கள் நீரை ஏற்று உப்பிவிடுவதால், தரைநிலைய அளவீடுகளைக் கொண்டு திருத்தினால் அன்றி அந்த ஊகம் பிசகும்.

செயற்கைக்கோள் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. அளவீட்டு நிலையமே இல்லாத சிற்றூர்களுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. 2020 பொதுமுடக்கத்தில் பெருநகரங்களின் மேல் நைட்ரஜன் டைஆக்சைடு சரிந்ததை உலகுக்குக் காட்டியதும் இத்தகைய படங்களே. ஆனால், இனி வரைபடம் வெளியிடும்போது எந்த வாயு, எந்த நேரம், எத்தனை நாள் சராசரி என்ற மூன்றையும் படத்தின் கீழேயே அச்சிடுங்கள். அருகிலுள்ள தரைநிலையத்தின் இரவு அளவையும் பக்கத்தில் போட்டால், எங்கள் பகுதி வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், திருவொற்றியூர்