செங்கோட்டையில் கிடைத்தது விடுதலை அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நேதாஜி தலைமையில் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) அதிகாரிகள் மூவர் மீது நடந்த வழக்கு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது' என்று ஒரு வரி இருந்தது. அது தவறு. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து ஐ.என்.ஏ.வுக்குச் சென்ற ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரும் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றவாளிகள் என்றுதான் டெல்லிச் செங்கோட்டை ராணுவ நீதிமன்றம் சொன்னது. ஆயுளுக்கும் நாடு கடத்தல் விதித்தது. நாடே கொதித்துக் கிடந்த 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆச்சின்லெக் அந்த நாடு கடத்தலை ரத்து செய்தார். பதவி நீக்கத்தையும் சம்பளப் பாக்கி பறிப்பையும் மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

'விடுவித்தது' என்று எழுதிவிட்டால் மூவருக்காகவும் வாதாடிய வழக்கறிஞர் புலாபாய் தேசாயின் வாதமே காணாமல் போய்விடுகிறது. அவர் கருணை கேட்கவில்லை. இவர்கள் போரிடவில்லை என்றும் சொல்லவில்லை. அடிமைப்பட்ட மக்களுக்குத் தங்கள் விடுதலைக்காகப் போர் புரியும் உரிமை உண்டா என்பதே இங்கு விசாரணையில் இருக்கிறது என்றார். 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் நேதாஜியின் தற்காலிக சுதந்திர இந்திய அரசு அமைந்தது, சில நாடுகள் அதை அங்கீகரித்தன, அது முறைப்படி போர் அறிவித்தது, அதற்கென ஒழுங்கான படை இருந்தது. எனவே அந்தப் போரில் நடந்ததைச் சர்வதேசச் சட்டப்படி பார்க்க வேண்டும். மன்னருக்கு எதிராகப் போர் தொடுப்பதைக் குற்றமாக்கும் இந்திய தண்டனைச் சட்டம் 121ஆம் பிரிவைக் கொண்டு அளக்கக் கூடாது என்பது அவர் வாதம். மன்னரிடம் விசுவாசம் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு 1776இன் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எடுத்துக் காட்டினார். அமெரிக்கர்களும் அதே அரச பீடத்தின் குடிகளாக இருந்தவர்கள்தாமே!

இந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. எனக்கு வேதனை தருவது அதன் பிறகு நடந்தது. சுதந்திர இந்தியாவும் ஐ.என்.ஏ. வீரர்களைத் தன் ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை.

என் தாத்தா மலேயாவில் ரப்பர் பால் வெட்டியவர். அந்தத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தில் சத்தியப் பிரமாணம் எடுத்தவர்கள் அல்லர். துப்பாக்கியையே அப்போதுதான் தொட்டவர்கள். படை உறுதிமொழியை மீறினார்கள் என்ற குற்றச்சாட்டு இவர்களை எப்படித் தொடும்? தேசாயின் வாதம் எல்லோரையும்விட இவர்களுக்கே பொருந்துகிறது. கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தேவகோட்டை