தூக்கிப் போடச் சொன்ன கத்தி

திசையன்விளை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்; ஆச்சிக்கு மூட்டுவலி மட்டும் முன்போலத்தான். பட்டறையை ஒதுக்கும்போது உன் கத்தி அகப்பட்டது, என்ன செய்யட்டும் என்று கேட்டதற்கு, 'தூக்கிப் போட்டுருங்கப்பா' என்று மட்டும் பதில் அனுப்பியிருந்தாய். பங்குனிக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த பேச்சே அதுதான். நான் போடவில்லை.

கத்தி மோசமில்லை. லாரியின் வில்பட்டையை அடித்து நீட்டியதில் முதுகு ஒரே சீராக இறங்குகிறது. பாளை அரிவாள் தீட்ட வந்த பனையேறி ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, அடித்தது யார் என்று கேட்டார், சொன்னேன், நம்பவில்லை. ஆனால் எண்ணெயில் தோய்த்ததும் நுனி கோணியதைக் கண்டு அப்படியே எறிந்துவிட்டுப் போனாயே, அதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. குற்றம் இரும்பின் மேல் இல்லை. ஒரு பக்கத்தை அதிகமாக ராவியிருக்கிறாய். மெலிந்த பக்கம் முந்தியும் தடித்த பக்கம் பிந்தியும் குளிர்ந்ததால் கத்தி இழுபட்டுக்கொண்டது.

விரிசல் ஏதும் இல்லை. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் தேய்த்து இரவு முழுவதும் வைத்திருந்தேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு காட்டியிருக்கும். ஆகவே இதை முடிக்கலாம். இப்போதுள்ள பதத்தில் தட்டி நிமிர்த்தப் பார்க்காதே, கண்ணாடிபோல் ஒடியும். மறுபடி உலையில் சிவக்கக் காய்ச்சி, நிமிர்த்தி, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்ட பிறகு, இரண்டு பக்கமும் சமமாக ராவி, வெட்டுவாயில் 1 மில்லிமீட்டர் கனமாவது விட்டுவைக்க வேண்டும். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும் என்று எனக்குச் சொன்னவளே நீதான். மறுபடி உலையில் வைத்து, அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் சூடு ஏறியதும், வெதுவெதுப்பான எண்ணெயில் நேராக இறக்கு, பக்கவாட்டில் ஆட்டாதே. தண்ணீரில் தோய்த்தால் இந்தப் பட்டை வெடித்துவிடும். அரம் பிடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் சரி. அன்றைக்கே, மறுநாள் என்று தள்ளாமல், ஒடியும் தன்மை தணிய, சித்தி வீட்டு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைத்து எடுக்க வேண்டும். சென்ற முறை இதைச் செய்யாமலேதான் நீ பேருந்து ஏறினாய்.

அந்த வேலையையும் நீ விட்டுவிட்டதாகச் சித்தி சொன்னாள். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, கத்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவசரப்படாதே, இரண்டு பக்கமும் சமமாக ராவு. நானே முடித்து வைத்துவிடுவேன் என்றும் நினைக்காதே, தொடமாட்டேன்.

ஆச்சியால் இப்போது அரிவாள்மணையில் உட்கார முடியவில்லை. நின்றபடி வாழைத்தண்டு அரிய நான் கடையில் வாங்கிக் கொடுத்த கத்தியைத் தாளைக்கூடப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, பேத்தி அடித்தது வரட்டும் என்கிறாள். பிடிக்குப் புளிய மரத்தின் வைரக்கட்டை அறுத்துக் காயப்போட்டிருக்கிறேன். பித்தளைக் கம்பியும் இருக்கிறது. அரம்தான் தேய்ந்துவிட்டது, அங்கே நல்லதாகக் கிடைத்தால் வாங்கி வா. என்றைக்கு வருகிறாய் என்பதை என்னிடம் சொல்ல மனமில்லையென்றால் ஆச்சியிடமாவது சொல்.

இப்படிக்கு,
அப்பா