பொற்குடம் தேடிக் கிளம்புவோருக்கு ஒரு திறந்த மடல்

அயர்லாந்தில் மெட்டல் டிடெக்டரோடு வயல்வெளிகளில் அலையும் நண்பர்களுக்கு,

வணக்கம். 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் 26 கவுண்டிகளில் (மாவட்டங்களில்) சுமார் 50,000 பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய கதைகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அதில் புதையலுக்கென்றே தனித் தலைப்பு உண்டு. எந்த ஊர், யாருடைய வயல், எந்த முள்மரத்தடி என்பது வரை பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். குறித்துக்கொண்டு மண்வெட்டியை எடுக்க ஆசை வரும்தான். ஆனால் கதையைக் கடைசி வரை படியுங்கள்.

பழைய மண் கோட்டை ஒன்றில், அதாவது வட்டமான மண்மேடு சூழ்ந்த பழங்காலக் குடியிருப்பில், டேனியர்கள் (வைக்கிங்குகள்) விட்டுப்போன பொற்குடம். ஒருவனுக்கு மூன்று இரவும் அதே கனவு. ஆட்களோடு போய்த் தோண்டுகிறான். கடப்பாரை கல்லில் பட்டதும் புயல் எழும்புகிறது, அல்லது குழியிலிருந்து ஒரு கறுப்புக் காளை பாய்கிறது. இல்லையென்றால் தூரத்தில் தன் வீடே பற்றியெரிவதாகத் தெரிகிறது. போட்டது போட்டபடி ஓடுகிறார்கள். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வந்தால் குழி மூடிக் கிடக்கிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்!

இந்தப் பயம்தான் அந்த மண் கோட்டைகளுக்குக் காவல். அங்கே ஏர் ஓட்டவே ஊர்க்காரர்கள் தயங்கினார்கள். அதனால்தான் இத்தனை ஆயிரம் கோட்டைகள் மிஞ்சின என்று நினைக்கிறேன். சிலவற்றின் அடியில் கல் பாவிய சுரங்கங்கள் நிஜமாகவே உண்டு. பண்டம் வைக்கவும் ஒளியவும் கட்டியவை. அது மைல் கணக்கில் நீண்டு அடுத்த ஊர் மடாலயத்துக்குப் போகிறது என்பதெல்லாம் கதை.

பயப்படாதவர்களும் இருந்தார்கள். யூதர்களின் உடன்படிக்கைப் பேழை (பத்துக் கட்டளைப் பலகைகளை வைத்திருந்ததாகச் சொல்லப்படும் பெட்டி) அயர்லாந்தின் பழைய அரசர்களோடு தொடர்புடைய தாரா குன்றில் புதைந்திருப்பதாக நம்பிய ஒரு கூட்டம் 1899 முதல் 1902 வரை அங்கே தோண்டியது. பேழை கிடைக்கவில்லை. கலைந்த மண்ணடுக்குகளைத் திரும்ப அடுக்க யாராலும் முடியாது.

டெரினாஃப்ளான் என்ற இடத்தில் கிடைத்த புதையலைச் சொல்வீர்கள். 1980-ல் ஒரு தந்தையும் மகனும் டிடெக்டர் வைத்துக் கண்டெடுத்த வெள்ளிக் கிண்ணம் அற்புதம்தான், சரி. ஆனால் அது அரசுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1987-ல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு, அனுமதியில்லாமல் டிடெக்டர் வைத்துத் தொல்பொருள் தேடுவதும் குற்றமானது.

ஆகவே கோட்டைப் பக்கம் டிடெக்டரைக் கொண்டுபோகாதீர்கள். ஊர்ப் பெரியவர் யாராவது இன்னும் புதையல் கதை சொன்னால், அவர் சொல்கிறபடியே எழுதி வையுங்கள். வேறு வேலையாகத் தோண்டும்போது தற்செயலாக ஏதாவது தட்டுப்பட்டால், அப்படியே விட்டுவிட்டுத் தேசிய அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகர்