மூலை அறுப்பு: சேகர கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

தாமிரபரணிக் கரையோரத்துச் சேகரங்களின், அதாவது ஒரே குருவானவரின் கீழுள்ள சபை வட்டாரங்களின், குருவானவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், அறுப்பின் பண்டிகை வேலையை இழுத்துப் போட்டுச் செய்கிற வாலிபர் சங்கத்தாருக்கும் கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

நான் மருதூர் மேலக்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் வைக்கிறவன். பிசானப் பருவ நெல் அறுப்பு முடிகிற நேரம். இனி நோட்டீஸ் அடிப்பீர்கள், பந்தல்காரரைப் பார்ப்பீர்கள், அசனத்துக்கு, அதுதான் சபையின் பொதுவிருந்துக்கு, எத்தனை ஆடு என்று கணக்குப் போடுவீர்கள். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

போன பண்டிகையில் நடந்ததைச் சொல்கிறேன். வெட்கக்கேடு என்னுடையதுதான்.

அறுப்பு முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, காயப்போட்டுக் கொண்டுவா என்றார்கள். ரோட்டில் பரப்பி, கிளறி, தூற்றி, ராத்திரி பனிக்கு மூடி, காலையில் திறந்து, மறுபடி மூட்டை பிடித்தது நாலு பெண்கள். எடை போட்டாயிற்று, பணம் மட்டும் வங்கியில் ஏறவில்லை. அறுப்பு மிஷின்காரருக்கு வயலிலேயே ரொக்கம் எண்ணிக் கொடுத்திருந்தேன். கொடுக்காவிட்டால் வண்டி நகராது. இந்த நாலு பேரிடம், “பணம் ஏறட்டும், தாரேன்” என்றேன். அவர்கள் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியம்தான்.

அதற்குள் பண்டிகை வந்துவிட்டது. முதற்பலன் என்று ஒரு மூட்டை நெல்லைப் பீடத்துக்கு முன்னால் இறக்கினேன். மைக்கில் என் பெயரை வாசித்தார்கள். ஆராதனை முடிந்து ஏலம். என் மூட்டையைச் சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர், சந்தை விலைபோல மூன்று மடங்குக்கு எடுத்தார். அவர் பெயரையும் வாசித்தார்கள். சந்தோஷமாக இறங்கி வந்தால், கேட் பக்கம் தூக்குவாளியோடு அசனச் சோற்றுக்கு நின்ற வரிசையில் அந்த நாலு பேரில் ஒருத்தி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “அண்ணாச்சி, பணம் ஏறிட்டா?”

கூலிக்காரன் ஏழை, கூலியின்மேல் ஆவலாயிருக்கிறான், பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு என்று வேதத்தில் உபாகமம் 24-ல் இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் படித்ததுதான். அன்றைக்கு எனக்கு அசனச் சோறு இறங்கவில்லை.

ஏலத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பூசணிக்காய்க்கு ரெண்டு குடும்பம் போட்டி போடுவதும், நாட்டுக்கோழி கையிலிருந்து நழுவிப் பந்தலுக்குள் ஓடுவதும், “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று இழுக்கிற குரலும் இல்லாவிட்டால் அது என்ன பண்டிகை? ஆனால் கொடுத்தவர் பெயரும் எடுத்தவர் பெயரும் மைக்கில் வருகிறது. விளைவித்தவர் பெயர் வருவதே இல்லை. “மழையைத் தந்தீர், விளைச்சலைத் தந்தீர்” என்று ஜெபிக்கிறோம். தந்தார்தான். எந்தக் கைகளைக் கொண்டு தந்தார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்று. மிஷின் அறுப்பு வந்த பிறகு வயலின் நாலு மூலையும் மிஷினுக்கு எட்டுவதில்லை. திரும்ப இடம் வேண்டும். அதனால் மிஷின் இறங்குவதற்கு முன் பெண்கள் அரிவாளோடு வந்து மூலையை அறுத்துக் கதிரைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். அதையும் மிஷினில் கொடுத்து அடித்துவிடுகிறோம். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது அந்நியனுக்கும், உரியது என்கிறது லேவியராகமம் 23. எளியவர்களுக்கு விடச் சொன்ன மூலையை அந்த எளியவர்களையே வைத்து அறுக்கிறோம்! களத்தில் அடித்த காலத்தில் கூலியைக் கொத்தாக நெல்லிலேயே அளந்து போட்டார்கள். அன்றன்றைக்கு வீட்டில் உலை கொதித்தது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அதில் இருந்த சாதிக் கொடுமை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூலி, வங்கிக் கணக்குக்காகக் காத்திருக்கவில்லை.

“வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நம் சபையார் இல்லையே” என்று கமிட்டியில் ஒருவர் கேட்பார். உண்மைதான். மூலை அறுக்க வருகிறவர்கள் பங்குனியில் அம்மன் கொடைக்குப் போகிறவர்கள். நடவுக்கு இப்போது மேற்கு வங்கத்திலிருந்து பையன்கள் வருகிறார்கள், பாஷைகூடத் தெரியாது. களத்தின் பலனைச் சேர்த்தபின் கொண்டாடுகிற கூடாரப் பண்டிகையில் யார் யார் சந்தோஷப்பட வேண்டும் என்று உபாகமம் 16-ல் ஒரு பட்டியல் இருக்கிறது. வேலைக்காரனும் வேலைக்காரியும் அதில் உண்டு, பரதேசியும் உண்டு. போவாசின் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தும் அந்நிய நாடான மோவாப் தேசத்துக்காரிதான்.

இன்றைய வடிவிலான அறுப்பின் பண்டிகையே 1843-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில், மார்வென்ஸ்டோ என்ற கடலோரச் சிற்றூரில் ஹாக்கர் என்ற குருவானவர் தொடங்கி வைத்தது. புதுக் கோதுமையில் சுட்ட அப்பத்தோடு நற்கருணைக்கு வாருங்கள் என்று சபையைக் கூப்பிட்டார். அங்கிருந்து இங்கே வந்த பண்டிகையில் நாம் ஏலத்தையும் அசனத்தையும் சேர்த்துக்கொண்டோம். இன்னும் ஒன்றைச் சேர்த்தால் குறைந்தா போய்விடும்?

2023 டிசம்பர் 17, 18 மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஆறு ஊருக்குள் வந்தது. வாழை சாய்ந்தது, நட்ட பயிர் போனது, என் வயலில் முழங்கால் அளவு மணல். அடுத்த பண்டிகையில் பீடத்துக்கு முன்னால் பாதி இடம் காலி. அன்றைக்கும் எதற்காகவோ நன்றி சொன்னோமே, எதற்கு? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: மணலை அள்ளிப்போட மண்வெட்டியோடு வந்து நின்ற ஆட்கள். வயல் திரும்பக் கிடைத்தது அவர்களால்.

கேட்பது பெரிதல்ல. இந்த வருஷம் ஸ்தோத்திர ஜெபத்தில் நட்டவர்கள், களை எடுத்தவர்கள், காயப்போட்டவர்கள், மூட்டை சுமந்தவர்கள் பெயரை வாசியுங்கள். காணிக்கை எழுதுகிற நோட்டிலேயே பக்கத்தில் ஒரு பத்தி போட்டால், கொண்டுவருகிறவர்களே எழுதித் தருவார்கள். அசனத்தின் முதல் பந்தியில் அவர்களை இலை போட்டு உட்காரவையுங்கள். தூக்குவாளி வரிசை பிறகு இருக்கட்டும். முந்தின ஞாயிறு அறிவிப்பில், கூலிப் பாக்கியைத் தீர்த்துவிட்டுக் காணிக்கை கொண்டுவாருங்கள் என்று ஒரு வரி சொல்லுங்கள். சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். எனக்கு இருந்தது.

போன வருஷப் பாக்கியை நகையை வைத்துக் கொடுத்தேன், பண்டிகை முடிந்த மூன்றாம் நாள். இந்த வருஷம் என் மூட்டை சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு வரும். வெள்ளிக்கிழமை பொழுது அடைவதற்குள் கூலி கொடுத்திருப்பேன். நோட்டில் எழுத நாலு பெயரையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் ஒரு விவசாயி