இரண்டாம் பருவ நிறைவுக் கடிதம் (நூலகப் புத்தகங்கள் குறித்தும்)

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது. வென்றவர்களுக்கும் ஓடியவர்களுக்கும் வாழ்த்துகள். அறிவியல் கண்காட்சியில் மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றார்கள். பேச்சுப் போட்டியிலும் ஓவியப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். மதிப்பெண் அட்டை, பள்ளி திறந்த முதல் வாரத்தில் உங்கள் கைக்கு வரும். தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதி அனுப்பும்படி மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். உரிமையாளர் தெரியாத பாட்டில்கள் அலுவலகத்தில் ஒரு அலமாரியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

சரி, நூலகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் நூலகத்துக்குத் திரும்பி வந்த ஒரு கதைப் புத்தகத்தில் நான்கு பக்கங்கள் ஒன்றாகச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்கப்பட்டிருந்தன. அவசரத்தில் அடித்ததாகத் தெரியவில்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு, ஓரத்தில் மூன்று என்று வரிசை பிசகாமல் அடித்து, பின் முனை கையில் குத்திவிடக் கூடாதே என்று அதன்மேல் செல்லோடேப்பும் ஒட்டியிருந்தார்கள். யாரோ ஒரு அம்மாவோ அப்பாவோ பிள்ளை தூங்கிய பிறகு பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை. அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூடிய பக்கங்களில் இருந்தது, கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஹான்சல், கிரேட்டல் கதையின் கடைசிப் பகுதி. பெற்றோர் காட்டில் கொண்டுபோய் விட்ட அண்ணனும் தங்கையும் ஒரு சூனியக்காரியிடம் மாட்டிக்கொள்ளும் கதை அது. சூனியக்காரியைக் கிரேட்டல் அடுப்புக்குள் தள்ளிக் கதவைத் தாழிடும் இடம். அப்புறம் நடந்தது நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். அதுவரை அடி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் புத்தகத்துக்கு இப்போது பிள்ளைகள் பெயர் எழுதி வைத்துக் காத்திருக்கிறார்கள். காம்பஸ் முனையால் பின்னை நெம்பிய ஒருவன் விரலில் குத்திக்கொண்டு முதலுதவிப் பெட்டியைத் தேடி வந்தான். அந்தக் கதையில் ஒரு சொட்டு ரத்தம்கூடக் கிடையாது.

இதற்கெல்லாம் தொடக்கம் என்ன என்று பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புக் கதை நேரத்தில் டீச்சர் இந்தக் கதையைச் சொன்னார். அன்று இரவு ஒரு குழந்தை தூங்கவில்லை. மறுநாள் காலை பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. மதியத்துக்குள் அது வழக்காக மாறிவிட்டது. இப்படிப்பட்ட புத்தகங்களை எல்லாம் நூலகத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பக்கம். இதற்கே பயந்தால் பிள்ளை எப்படிப் பிழைக்கும் என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் என்னிடம் நேரில் வந்து பேசியது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில், இந்த வழக்கு நாம் ஆரம்பித்தது இல்லை. கிரிம் சகோதரர்கள் ஜெர்மனியில் 1812இல் முதல் தொகுதியை வெளியிட்டபோதே தொடங்கிவிட்டது. குழந்தைகளுக்கும் வீட்டுக்குமான கதைகள் என்று தலைப்பு வைத்திருந்தாலும், குறிப்புரைகளோடு அறிஞர்களை மனதில் வைத்துப் போட்ட புத்தகம் அது. பிள்ளைகள் கசாப்பு விளையாட்டு விளையாடி, அதில் ஒரு குழந்தை செத்துப்போகும் கதை ஒன்று அதில் இருந்தது. இதைக் குழந்தை கையில் எப்படிக் கொடுப்பது என்று அப்போதே கேட்டார்கள். 1819இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தக் கதை இல்லை. 1825இல் 50 கதைகளை மட்டும் பொறுக்கி, படங்களோடு, குழந்தைகளுக்கென்றே ஒரு சிறு பதிப்பும் போட்டார்கள். பின் அடிக்கும் வேலையை அந்தக் காலத்திலேயே செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சிண்ட்ரெல்லாவின் சகோதரிகளுடைய கண்களைப் புறாக்கள் கொத்தும் காட்சி முதல் பதிப்பில் கிடையாது. திருத்திய பதிப்பில்தான் வந்தது. ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னது முதலில் பெற்ற தாய். 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ஹான்சலையும் கிரேட்டலையும் காட்டில் விடச் சொன்னவளும் முதலில் பெற்றவள்தான். 1840 பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆனாள். சூனியக்காரி வேகும் அடுப்பில் யாரும் கை வைக்கவில்லை. பெற்ற தாய் பிள்ளையைக் கைவிடுவாள் என்பதைத்தான் பெரியவர்களால் தாங்க முடியவில்லை. அப்பாவை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள். இந்த அப்பாவிடம் மறுபடி வருகிறேன்.

நம் கதைகளும் ஒன்றும் சாந்தமானவை இல்லை. மரத்தில் தொங்கும் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நள்ளிரவில் நடக்கும் விக்கிரமாதித்தன் கதையைக் கேட்காமல் நம்மில் யாராவது வளர்ந்திருப்போமா? பஞ்சதந்திரத்தில் மீன்களை ஏமாற்றித் தின்ற கொக்கின் கழுத்தை நண்டு துண்டிக்கிறது. வண்ணப் படத்தோடு அதை முதல் வகுப்புப் பிள்ளைக்கே வாங்கிக் கொடுக்கிறோம். பழகிவிட்டதால் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அதே சமயம் நல்லதங்காள் கதையைச் சின்னப் பிள்ளைகளிடம் நான் சொல்ல மாட்டேன். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடும் தாயின் கதை, பசி என்றால் என்ன, மானம் என்றால் என்ன என்று கொஞ்சமாவது புரிந்த வயதில் கேட்க வேண்டியது.

ஆகவே இருட்டான கதைகள் எல்லாம் ஒரே வகை இல்லை என்பது என் கட்சி. சிவப்புக் குல்லாச் சிறுமியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் 1697இல் சார்ல் பெரோ வெளியிட்ட கதையில் ஓநாய் பாட்டியைத் தின்கிறது, பிறகு சிறுமியைத் தின்கிறது, கதை முடிந்துவிடுகிறது. கிரிம் சகோதரர்களின் கதையிலோ வேட்டைக்காரர் வந்து கத்தரிக்கோலால் ஓநாயின் வயிற்றை வெட்டி இருவரையும் வெளியே எடுக்கிறார், வயிற்றில் கல்லைப் போட்டு நிரப்புகிறார்கள், ஓநாய் சாகிறது. வெட்டும் குத்தும் இரண்டாவதில்தான் அதிகம். ஆனால் அதைக் கேட்ட பிள்ளைகள் கல்லின் எடையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு விளையாடப் போய்விடுகிறார்கள். முதலாவதைக் கேட்ட பிள்ளைகள் போகாமல் நிற்கிறார்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். தீக்குச்சி விற்கும் சிறுமி பனியில் விறைத்துச் சாகும் ஆண்டர்சனின் கதையில் யாரும் யாரையும் அடிப்பதில்லை, வெட்டுவதில்லை. எனக்குத் தெரிந்து பிள்ளைகளை அதிகம் உலுக்குவது அதுதான்.

மென்மையாக்கிய பதிப்புகளும் நம் நூலகத்தில் உண்டு. ஓநாய் மன்னிப்புக் கேட்டு எல்லோருடைய நண்பனாகிவிடும் ஒன்றை நானே இரண்டாம் வகுப்பில் வாசித்தேன். முடித்ததும் ஒரு குரல் வந்தது: "அப்போ நாளைக்கு அதுக்குப் பசிச்சா?" என்னிடம் பதில் இல்லை.

இனி அன்று நடந்தது. அந்தக் குழந்தை அடுப்பை நினைத்துப் பயந்தது என்றுதான் நாம் எல்லோரும் எடுத்துக்கொண்டோம், நானும் சேர்த்து. இரண்டு நாள் கழித்து டீச்சர் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாகக் கேட்டபோது குழந்தை அடுப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கதையில் முதல் முறை காட்டுக்குக் கூட்டிப் போகும்போது ஹான்சல் வழியெல்லாம் கூழாங்கல் போட்டு வைத்ததால் இருவரும் வீடு திரும்பிவிடுவார்கள். குழந்தை கேட்டது இதைத்தான்: "முதல் தடவை கூழாங்கல்லைப் பார்த்து ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துட்டாங்கல்ல? அப்பாவுக்குச் சந்தோஷம்தானே? அப்புறம் ஏன் மிஸ் ரெண்டாவது தடவையும் கூட்டிட்டுப் போனார்?" (பெற்றோரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். வேறு விவரம் கேட்க வேண்டாம்.)

ஏழு பின்னும் செல்லோடேப்பும் மூடிய பக்கங்களில் இந்தக் கேள்வி இல்லை. அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இதற்கான பதில்தான் மூடிய பக்கங்களில் இருந்தது. பிள்ளைகளைக் காட்டில் விட்ட நாளிலிருந்து அந்த அப்பாவுக்கு ஒரு நிமிடம்கூட நிம்மதி இல்லை என்று கதையின் கடைசியில் வருகிறது. பிள்ளைகள் ஓடி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள்.

அந்த இடத்தை அன்று டீச்சர் சொல்லவே இல்லை. காரணம் டீச்சர் அல்ல, கால அட்டவணை. மூன்றாம் வகுப்பின் கதை நேரத்தைக் கடைசிப் பீரியடில் வைத்தது நான். கிரேட்டல் அடுப்புக் கதவைத் தாழிட்டதும் பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு, பாதிக் கதையோடு வேனில் ஏறிவிட்டார்கள். இது எங்கள் தவறு. அதற்காக அந்தக் குடும்பத்திடம் நேரில் வருத்தம் தெரிவித்தேன். இங்கேயும் தெரிவிக்கிறேன்.

வீட்டில் செல்போனில் பார்ப்பதை விடவா என்று சிலர் கேட்டீர்கள். அதையும் தொட்டுவிடுகிறேன், குறை சொல்வதற்காக அல்ல. காதால் கேட்கும் சூனியக்காரியைப் பிள்ளை தன் மனதுக்குள் தானே வரைகிறது. தன்னால் தாங்க முடிகிற அளவுக்குத்தான் பெரும்பாலும் வரையும். திரையில் வருவது வேறு யாரோ வரைந்தது. அது பிள்ளையின் அளவுக்குச் சுருங்காது. அடுப்பைப் பார்த்துக் கலங்கிய வீடுகளில் இதையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

இப்போது சொல்லப்போவதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளி வாசலில், பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கும்போது, ஒரு டீச்சரைப் பார்த்துக் கைநீட்டிக் கத்தியதை நான் ஏற்க மாட்டேன். யார் செய்தாலும் ஏற்க மாட்டேன். அவருடைய மனநிலையைப் பற்றிக் குரல் பதிவு போட்டு நான்கு குழுக்களுக்கு அனுப்பியதையும் ஏற்க மாட்டேன். குறை இருந்தால் என் அறைக் கதவு திறந்திருக்கிறது; திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள். பொல்லாத கதை கேட்டுப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று கவலைப்பட்ட அதே வாசலில், அன்று பிள்ளைகள் பயந்துபோய் டீச்சரின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிப் புத்தகத்தில் பின் அடிப்பதற்கும் பக்கம் கிழிப்பதற்கும் யாருக்கும் அனுமதி இல்லை. உங்கள் பிள்ளை எதை வாசிக்கக் கூடாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து அதை முடிவு செய்ய முடியாது.

அவ்வளவுதான், கோபம் முடிந்தது.

அடுத்த பருவத்திலிருந்து கதை நேரம் எல்லா வகுப்புகளுக்கும் காலை முதல் பீரியடில் இருக்கும். கதை முடிந்த பிறகு பத்து நிமிடம் பேச்சுக்கென்றே ஒதுக்குகிறோம். முடிக்க நேரமில்லாத கதையை அன்று ஆரம்பிக்கக் கூடாது என்றும் முடிவு செய்திருக்கிறோம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குச் சொல்லும் கதைகளை டீச்சர்கள் முன்கூட்டியே தங்களுக்குள் வாசித்துப் பார்ப்பார்கள். கிரிம் கதைகளின் சுருக்காத மொழிபெயர்ப்பு மேல் அலமாரிக்குப் போய்விட்டது. ஐந்தாம் வகுப்பு முதல் தாங்களே எடுக்கலாம். மற்றவர்கள் கேட்டால் நூலகரே எடுத்துக் கொடுத்துப் பக்கத்தில் இருப்பார். நல்லதங்காளும் தீக்குச்சிச் சிறுமியும் அதே அலமாரியில்தான். அடி அலமாரியில் எல்லாவற்றையும் கலந்து வைத்திருந்ததும் எங்கள் கவனக்குறைவுதான்.

உங்கள் பிள்ளைக்கு ஒரு குறிப்பிட்ட விஷயம் இப்போது வேண்டாம் என்றால், உதாரணமாக வீட்டில் ஒரு மரணம், ஒரு பிரிவு, மருத்துவமனை என்று எதுவாக இருந்தாலும், டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை. அன்றைய கதையை மாற்றிக்கொள்வோம். வகுப்பில் யாருக்கும் தெரியாது. வீட்டில் பிள்ளை பயந்து எழுந்தால் அது வெறும் கதைதான், தூங்கு என்று உடனே சொல்லாமல், எந்த இடம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நாம் நினைக்கும் இடமாகப் பெரும்பாலும் இருக்காது.

இந்த ஒரு மாதத்தில் பொறுமையாக எழுதியவர்களுக்கும், நேரில் வந்து உட்கார்ந்து பேசியவர்களுக்கும், குழுவில் சண்டை ஏறியபோது "நாளை பள்ளியில் பேசிக்கொள்வோம்" என்று இரண்டு வரி போட்டு அடக்கிய அந்த அம்மாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. தூங்காத குழந்தையின் பெற்றோருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். முதலில் கோபப்பட உரிமை இருந்தது அவர்களுக்குத்தான். கோபப்படாமல் கேட்டவர்களும் அவர்கள்தான். மூன்றாம் வகுப்பு டீச்சர் அடுத்த பருவத்திலும் கதை சொல்வார். கதையின் மிச்சத்தை மறுநாளே அவர் சொல்லி முடித்துவிட்டார் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

விடுமுறையை நல்லபடியாகக் கழியுங்கள். பள்ளி திறக்கும் நாளில் நூலகப் புத்தகங்களை மறக்காமல் கொடுத்து அனுப்பவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அந்தப் புத்தகத்தின் பின்களை நூலகர் பக்கம் கிழியாமல் எடுத்துவிட்டார். அடித்தவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த நான்கு பக்கங்களையும் கடைசி வரி வரை அவர் ஒருமுறை வாசித்துப் பார்க்க விரும்பினால், வரிசையில் நிற்காமலே புத்தகத்தை என் அறையில் வாங்கிக்கொள்ளலாம்.