கொரிய நாவலைத் தமிழாக்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கொரிய நாவல் ஒன்றை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவரப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. மூல மொழி தெரியாமல் இறங்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக இறங்கலாம். ஆனால் ஆங்கிலம் எங்கெங்கே கைவிடும் என்று தெரிந்துகொண்டு இறங்கு. அந்த இடங்களில் பாதியாவது, தமிழுக்கு வெகு இயல்பாகக் கைவரும் இடங்கள்.

ஹான் காங்கின் 'தி வெஜிடேரியன்' இதற்கு நல்ல பாடம். கொரிய மொழியில் 2007-இல் வந்த நாவல். டெபோரா ஸ்மித்தின் ஆங்கில வடிவம் 2015-இல் வெளியாகி, அடுத்த ஆண்டே இன்டர்நேஷனல் புக்கர் பரிசைப் பெற்றது. பரிசுத்தொகை 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் கொரியாவில் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஈவா பெண்கள் பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் படிக்கப்பட்ட கட்டுரையின் கணக்குப்படி, முதல் பகுதியில் மட்டும் 10.9 விழுக்காடு பிழை, இன்னொரு 5.7 விழுக்காடு விடுபட்டிருக்கிறது. அதிகம் பேசப்பட்ட பிழை, பாதம் கையாக மாறியது. அந்த இரு சொற்களும் கொரிய மொழியில் முதல் எழுத்தை உச்சரிக்கும் மூச்சின் அழுத்தத்தில்தான் வேறுபடும். தமிழில் எழுதினால் இரண்டுமே 'பல்'!

இதைவிட முக்கியமானது, யார் பேசினார், யார் செய்தார் என்பதில் வந்த குழப்பம். தமிழைப் போலவே கொரிய மொழியிலும் எழுவாயை விட்டுவிடலாம். ஆனால் நம் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்: வந்தேன், வந்தாள், வந்தார்கள். கொரிய மொழியின் 'வத்தா' நான், நீ, அவள், அவர்கள் எல்லோருக்கும் பொதுவானது. ஆங்கிலத்துக்கோ எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஊகிக்க வேண்டியிருக்கிறது, சில இடங்களில் ஊகம் தப்புகிறது. நீ படிக்கும் ஆங்கிலப் பிரதியில் ஓர் உரையாடல் திடீரென்று பாத்திரத்துக்குப் பொருந்தாமல் ஒலித்தால், முதலில் பேசுபவர் மாறியிருக்கிறாரா என்று சந்தேகப்படு.

பிழைகளை வைத்து ஸ்மித்தை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஹான் காங்கை உலகம் படித்ததில் அவருடைய உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நடை பற்றிய விமர்சனத்தைத்தான் நான் பொருட்படுத்துகிறேன். மூலத்தின் அடங்கிய, வறண்ட குரலை வினையடைகளும் மிகைச்சொற்களும் சேர்த்து உரக்கப் பேச வைத்துவிட்டார் என்பார்கள். இதை நீ தமிழாக்கும்போது ஆபத்து இரட்டிப்பாகும், ஏனென்றால் நம் உரைநடைக்கும் உணர்ச்சியைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. ஒரு வினையடை, வினை ஏற்கெனவே சொல்லிவிட்டதையே திரும்பச் சொல்கிறதென்றால் அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு, மூலத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்.

மூலத்தில் எப்படிப் பார்ப்பது என்று கேட்பாய். கொரிய மொழியின் ஹங்குல் எழுத்தைக் கற்றுக்கொள். அடிப்படை எழுத்துகள் 24தான்: 14 மெய், 10 உயிர். ஒரு வார இறுதி போதும். மொழி தெரிய வேண்டாம், எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும். கொரிய நூல் ஒரு பிரதி வாங்கி ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டே விஷயங்களைத் தேடு.

ஒன்று, உரையாடலில் வினைமுற்றின் கடைசி ஒலி. 'யோ' என்றோ 'ம்னிதா' என்றோ முடிந்தால் அது மரியாதைப் பேச்சு. தமிழில் பெரும்பாலும் 'நீங்கள்'. அவை இல்லையென்றால் 'நீ'. கணவன் மனைவியிடம் எப்படிப் பேசுகிறான், மருமகள் மாமியாரிடம் எப்படிப் பேசுகிறாள், இரண்டு பேருக்கிடையே எந்த அத்தியாயத்தில் 'யோ' உதிர்ந்து நெருக்கம் வருகிறது என்பதையெல்லாம் ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ' விழுங்கிவிடும். கதைசொல்லியின் வாக்கியங்கள் 'தா' என்று முடியும். அது எழுத்து நடை, மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதே. ஹான் காங்கின் 'ஹியூமன் ஆக்ட்ஸ்' நாவலில் முதல் அத்தியாயம் முழுக்கக் குவாங்ஜூ நகரத்துச் சிறுவனை முன்னிலையில் அழைத்தே நகர்கிறது. கொரிய மொழியில் அது 'நொ', நெருக்கமான 'நீ'. தமிழில் 'நீங்கள்' என்று போட்டால் அத்தியாயமே செத்துவிடும். அந்த நூலின் கொரியத் தலைப்பு 'சிறுவன் வருகிறான்' என்பதையும் மனதில் வை. ஆங்கிலத் தலைப்பில் சிறுவன் இல்லை.

இரண்டாவது, உறவுமுறைச் சொற்கள். 'ஒன்னி' என்றால் பெண்ணுக்கு அக்கா, 'நுனா' என்றால் ஆணுக்கு அக்கா. நமக்கு இரண்டும் அக்காதான். 'ஹியொங்பு' அக்காவின் கணவர். 'சொஜே' மனைவியின் தங்கை, அதாவது கொழுந்தியாள். 'தி வெஜிடேரியன்' இரண்டாம் பகுதியில் நடப்பது அக்காவின் கணவனுக்கும் கொழுந்தியாளுக்கும் இடையில். ஆங்கிலத்தின் 'சிஸ்டர் இன் லா' அதைச் சட்ட ஆவணம் மாதிரி ஆக்கிவிடுகிறது. 'கொழுந்தியாள்' என்ற ஒரே சொல்லில் வீட்டின் சங்கடம் முழுவதும் வந்துவிடும். அறிமுகமில்லாத கிழவியை 'ஹல்மொனி' என்று அழைத்தால் தயங்காமல் 'பாட்டி' போடு. 'தொங்செங்' மட்டும் பார்த்துச் செய்: தம்பிக்கும் தங்கைக்கும் அது பொது, தமிழில் நீ ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

'தி வெஜிடேரியன்' நாவலைத் தமிழாக்கிய சமயவேல் அதற்கு 'மரக்கறி' என்று தலைப்பு வைத்ததை நினைத்து நினைத்து மகிழ்கிறேன். 'சைவம்' என்றிருந்தால் மதமும் சாதியும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். 'மரக்கறி'க்குள் மரம் இருக்கிறது. மரமாக விரும்பும் பெண்ணின் கதைக்கு ஆங்கிலத் தலைப்பில்கூட இந்தப் பொருத்தம் இல்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. வயது: கொரியர்கள் பிறந்தவுடனே ஒன்று என்று எண்ணி, புத்தாண்டுக்குப் புத்தாண்டு கூட்டுவார்கள், சட்டப்படி இதை மாற்றியது 2023 ஜூனில்தான். ஆகவே பிறந்த ஆண்டும் வயதும் ஒத்துப்போகவில்லை என்றால் திருத்த அவசரப்படாதே. 'ரைஸ் கேக்' என்று வந்தால் 'அரிசி கேக்' என்று எழுதாதே. அரிசி மாவை ஆவியில் வேகவைக்கும் பண்டம், நம் கொழுக்கட்டைக்கு உறவு. பெயர்கள்: கொரியப் பெயரில் ஹான், கிம் முதலியவை குடும்பப்பெயர், முன்னால் வரும். 'சியோல்' என்று நாம் எழுதுவது ஆங்கில எழுத்துக் கூட்டலால் வந்தது. 'Seoul' என்பதில் 'eo' ஒரே உயிரொலியைத்தான் குறிக்கிறது, 'சொஉல்' கிட்டத்தட்ட சரி. கொரிய 'க'வும் நம் 'க' போலத்தான், சொல் முதலில் வல்லொலி, உயிர்களுக்கு நடுவில் மெல்ல ஒலிக்கும். அதனால் தமிழ் எழுத்தில் கொரியப் பெயர்கள் அழகாக உட்காரும்.

கவிதையும் செய்ய ஆசை என்று எழுதியிருக்கிறாய். கிம் ஹேசூனின் 'ஆட்டோபயோகிராஃபி ஆஃப் டெத்' தொகுப்பில் தொடங்கு. டான் மீ சோயின் ஆங்கிலம், 2019-இல் கிரிஃபின் கவிதைப் பரிசு பெற்றது. 49 கவிதைகளின் தொடர் அது. இறந்தவரின் ஆவி மறுபிறப்புக்கு முன் அலைந்து திரியும் 49 நாள்களுக்கு, நாளுக்கு ஒன்று. 2014-இல் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர், பெரும்பாலும் பள்ளி மாணவர்கள், இறந்த துயரம் அதற்குள் இருக்கிறது. இங்கே தமிழ் இடறும் ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன்: கொரிய வினைக்கு ஆண், பெண் கிடையாது. நம் 'அலைந்தான்', 'அலைந்தாள்' ஆவிக்கு ஓர் உடலை மாட்டிவிடும். கவிஞர் முன்னிலையில் பேசும் இடங்களில் உனக்குக் கவலை இல்லை. படர்க்கை வரும்போது 'அலைதல்', 'அலைந்தபடி' போன்ற வடிவங்களால் சமாளித்துப் பார். இரட்டைக்கிளவிக்கு மட்டும் நீ வருந்தவே வேண்டாம். 'பன்ஜக் பன்ஜக்' என்று கொரியர்கள் சொன்னால் நமக்கு 'மினுமினு' இருக்கிறது. ஆங்கிலம் அங்கே ஒரு வினைச்சொல்லைத் தேடி அலையும்.

உரிமை விஷயத்தை முதலிலேயே முடித்துக்கொள். ஆங்கிலம் வழியாகச் செய்வதால் மூல ஆசிரியர் தரப்பின் அனுமதியோடு ஆங்கில மொழிபெயர்ப்புக்கான அனுமதியும் தேவை. ஆங்கில நூலின் பதிப்புரிமைப் பக்கத்தில் இரண்டும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். மறுபதிப்புகளில் திருத்தங்கள் நுழைந்திருக்கலாம் என்பதால் கிடைப்பதில் பிந்திய பதிப்பையே வாங்கு.

நாவலின் பாத்திரங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று ஒரு கட்டம் போட்டுவிடு. அதையும் முதல் பத்துப் பக்கத்தையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்