இரட்டைப் பாய்மரப் படகு வைப்பதென்றால்: கடற்கரையை அழகுபடுத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னைக் கடற்கரையில் பூங்கா, நடைபாதை என்று திட்டம் தீட்டும் அலுவலர்களுக்கும், அவர்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் கட்டடக் கலைஞர்களுக்கும்,

வணக்கம்.

கடற்கரைப் பூங்கா என்றால் ஒரு பாய்மரக் கப்பல் சிலை நிற்க வேண்டும் என்பது எழுதாத விதியாகிவிட்டது. அதிலும் இரண்டு பாய்மரம் இருந்தால்தான் பழமை தெரியும் என்று நினைக்கிறார்கள். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் எங்கேயாவது அப்படியொன்று வைக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், சிமெண்டில் வேண்டாம், மரத்தில் செய்யுங்கள். தரையில் நட வேண்டாம், தண்ணீரில் விடுங்கள். சிலைக்கு ஆகும் பணத்துக்குள் படகு முடியும் என்று நாங்கள் சத்தியம் செய்யவில்லை. ஆனால் என்னென்ன வேண்டும், எது எங்கே கெட்டுப்போகும் என்று சொல்ல முடியும்.

முதலில், இரட்டைப் பாய்மரத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் பழைய காசு விஷயம். சாதவாகனர்களின் ஈயக் காசில் இரட்டைப் பாய்மரக் கப்பல் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் கிடைத்த 2-ஆம் நூற்றாண்டுக் காசு. பெருமையான சான்றுதான். அதற்காக அந்தக் காசைப் பெரிதாக்கினால் கட்டுமான வரைபடம் ஆகிவிடாது. ஏரா என்கிற அடிமரம் எவ்வளவு ஆழம், பாய் எத்தனை முழம், இழுக்கிற கயிற்றை எங்கே முடிச்சுப் போட்டார்கள் என்பதெல்லாம் அந்தச் சின்னக் காசில் கிடையாது. அதைப் பார்த்து வரைந்தால் ஒரே உயரத்தில் இரண்டு கம்பம் நட்ட தொட்டிதான் வரும்.

இரண்டு பாய்மரம் அழகுக்காக வந்ததல்ல, ஆள் குறைவுக்காக வந்தது. 30 அடிப் படகுக்கு மொத்தம் 40 சதுர மீட்டர் பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் ஒரே துணியாக இருந்தால், காற்று ஏறும்போது அதை இறக்க நாலு பேர் வேண்டும். அதையே பெரிய பாய் 24, பின்பாய் 10, மூக்கில் முக்கோண முன்பாய் 6 என்று பிரித்தால் இரண்டு பேர் சமாளிப்பார்கள். மணிக்கு 28 கிலோமீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டர் பாயின் மேல் ஏறக்குறைய 4 கிலோ தாக்கம் விழும். காற்று 56 ஆனால் தாக்கம் 8 அல்ல, 16. வேகம் இரட்டித்தால் தாக்கம் நான்கு மடங்கு. மொத்தப் பாயும் விரிந்திருந்தால் 160 கிலோ தள்ளியது 640 கிலோ தள்ளும், படகு சாயும். பெரிய பாயை மட்டும் இறக்கிவிட்டால் மிஞ்சுவது 16 சதுர மீட்டர், சுமார் 256 கிலோ. அதிலும் முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் பாய் இருப்பதால் சுக்கான் பேச்சைக் கேட்கும். ஒற்றைப் பாய்மரப் படகில் பாயைச் சுருக்கிக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

பின்பாய்க்கு இன்னொரு வேலை உண்டு. நங்கூரத்திலோ, விரித்த வலையைப் பிடித்துக்கொண்டோ கிடக்கும் படகு அலைக்குக் குறுக்கே திரும்பி உருளும். பின்பாயை மட்டும் இறுக்கிக் கட்டினால் காற்று பின்பக்கத்தைத் தள்ளும், மூக்கு காற்றைப் பார்த்து நிற்கும். வலை இழுப்பவர் கால் ஊன்றி நிற்கலாம். மிதவலை போட்டவர்கள் உலகம் முழுக்க இந்த உபாயத்தைக் கையாண்டிருக்கிறார்கள்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். எதிர்க்காற்றில் ஏறுவதற்கு ஒற்றைப் பாய்மரம்தான் மேல். பெரிய பாயில் பட்டுக் கலங்கிய காற்றுதான் பின்பாய்க்குக் கிடைக்கும். கயிறு கூடுதல், கப்பி கூடுதல், செலவும் கூடுதல். வேகம் வேண்டுமென்றால் இது வேண்டாம். அமைதியாக நிற்கவும், சுமை ஏற்றவும், புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் இதுதான் சரி.

இனி சிலையைப் பற்றி. தகடு அடித்த பாய் என்பது இறக்க முடியாத பாய். மணிக்கு 110 கிலோமீட்டர் காற்றில் சதுர மீட்டருக்கு 55 கிலோவுக்கு மேல் தாக்கம் விழும். 24 சதுர மீட்டர் தகட்டின் மேல் ஒன்றேகால் டன்னைத் தாண்டும். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது இந்த ஊரில் நின்ற பெயர்ப்பலகைகள் என்ன ஆயின என்று ஞாபகம் இருக்கும். சிமெண்டுக்குள் இருக்கும் கம்பியை உப்புக்காற்று அரிக்கும், கம்பி துருப்பிடித்துப் பருத்து மேல்பூச்சை வெடிக்க வைக்கும். மரப் படகு வருடா வருடம் வேலை கேட்கும், ஆனால் எங்கே வேலை என்று வெளியில் காட்டிவிடும்.

எங்கே மிதக்க விடுவது? திறந்த கரையில் முடியாது. மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற கரை இது. துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் மெரினா அகன்றது, ராயபுரம் முதல் வடக்கே கடல் ஊரை அரித்தது. இப்போது அங்கே இருப்பது கருங்கல் குவியல். படகை ஏற்றி இறக்க மணல் இல்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குள்ளோ விசைப்படகுகளுக்கே இடம் போதவில்லை. மிஞ்சுவது எண்ணூர் கழிமுகம். அங்கே இரண்டு ஆபத்து. ஒன்று, ஆழம் குறைவு. அதனால் அடிப்பாகம் தட்டையாக, இரண்டரை அடிக்கு மேல் தண்ணீரில் இறங்காமல் இருக்க வேண்டும். பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க நடுவில் ஏற்றி இறக்கும் பலகை வேண்டும். இரண்டாவது, மின்கம்பிகளும் பாலங்களும். ஈரப் பாய்மரம் உயர் அழுத்தக் கம்பிக்கு அருகில் போனாலே போதும், தொட வேண்டியதில்லை. பாய்மர உயரத்தை முடிவு செய்யும் முன் ஏற்றநீர் சமயத்தில் ஒவ்வொரு கம்பியின் உயரத்தையும் மின்வாரியத்திடம் எழுத்தில் வாங்குங்கள். பாய்மரத்தின் அடியை மூன்று பக்கம் மட்டும் மூடிய பெட்டியில் நிறுத்தினால், ஆணியைக் கழற்றிப் பின்னால் சாய்த்துப் பாலத்தின் கீழ் போகலாம். 1806-லேயே எண்ணூரிலிருந்து சென்னைக்குக் கால்வாய் வெட்டிய ஊர் இது. பேசின் பிரிட்ஜுக்கு விறகும் நெல்லும் படகில்தான் வந்தன. பாலத்துக்குக் கீழே படகு ஓட்டுவது இங்கே புதிதல்ல.

பாய்மரத்துக்குப் புன்னை கிடைத்தால் விடாதீர்கள். சவுக்கு பொன்னேரிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும், மலிவு. ஆனால் காயும்போது நீளவாக்கில் வெடிக்கும், கனமும் அதிகம். கயிறு கட்டி நிறுத்தும் மரத்துக்கு ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குல விட்டம் என்பது கணக்கு. 28 அடிப் பெரிய பாய்மரம் என்றால் 7 அங்குலம், 20 அடிப் பின்மரம் என்றால் 5. பின்மரம் சுக்கானுக்கு முன்னால் நிற்க வேண்டும். மரத்தின் அடி உட்காரும் குழியில் தண்ணீர் வடிய ஓட்டை விடாதவர்கள்தான் அதிகம். மழைநீர் அங்கே தேங்கும், மேலே வார்னிஷ் பளபளக்கும்போதே கீழே மரம் உளுத்துப்போகும்.

கயிற்றில் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்க நைலான் கட்டாதீர்கள், அது நீளும். காற்று ஏற ஏற மரம் ஆடும். அங்கே முலாம் பூசிய இரும்பு வடமோ பாலியஸ்டரோ போடுங்கள். நைலானை நங்கூரத்துக்குக் கொடுங்கள், அங்கே நீளுவதுதான் நல்லது. காசிமேட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் பொடியாகும். அது மேலே ஏறவே கூடாது.

பாய்க்குக் கித்தான். தார்ப்பாய் கண்ணி போட்ட இடத்திலேயே கிழியும். ஃப்ளெக்ஸ் பேனரில் பாய் தைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தலைவர் முகம் காற்றில் உப்பும், படகு நகராது. துணியைத் தட்டையாக வெட்டினால் இழுவை வராது, ஓரத்தைக் கொஞ்சம் வளைத்து வெட்டினால்தான் நடுவில் வயிறு விழும். ஓரம் முழுக்கக் கயிறு வைத்துத் தைக்க வேண்டும். பாயைக் குறைத்துக் கட்ட இரண்டு வரிசை நாடா வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஒரே வாரத்தில் கரும்புள்ளி.

பரிமல், அதாவது பாயைத் தாங்கும் நீளக் கழி, சாய்ந்து நிற்கும் முக்கோணப் பாய் பழைய முறை, பார்க்கவும் அழகு. ஆனால் பக்கம் மாற்ற ஒவ்வொரு முறையும் பரிமலை நிமிர்த்தி மரத்தைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். கழிமுகத்தில் அகலம் குறைவு, அடிக்கடி திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே பரிமலை ஒரே பக்கம் விட்டுவிட்டு, ஒரு திசையில் துணி மரத்தில் ஒட்டி இழுவை குறைவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் இறக்கியதும் ஒரு சோதனை. நடுத்தரக் காற்றில் சுக்கானைக் கைவிட்டால் படகு தானே மெதுவாகக் காற்றை நோக்கித் திரும்பி நிற்க வேண்டும். வெடுக்கென்று திரும்பினால் பின்பாய் பெரிது, வெட்டிச் சிறிதாக்குங்கள். காற்றுக்கு முதுகு காட்டி ஓடினால் பாய்மரத்தின் இடமே தவறு. அந்தப் படகில் ஆளை ஏற்றாதீர்கள்.

ஓடும் படகு நடக்காத காரியம் என்பவர்களுக்கு: போரோபுதூர் சிற்பத்தைப் பார்த்துக் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் 2003-ல் ஜகார்த்தாவிலிருந்து கிளம்பி, மறு ஆண்டு கானா நாட்டின் அக்ராவை அடைந்தது. நம் கடற்படையின் மேற்பார்வையில் அஜந்தா ஓவியத்தைப் பார்த்துக் கயிற்றால் தைத்துக் கட்டிய கௌண்டின்யா கப்பல் 2025-ல் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதன் மாதிரியைத் தண்ணீரில் சோதித்தது கிண்டியில் இருக்கும் ஐஐடியின் கடல் பொறியியல் துறை. உங்கள் அலுவலகத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்.

ஆசாரிகளைத் தேடும் காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் எல்லா விசைப்படகும் பழுதுபார்க்க ஏறியிருக்கும், ஒரு கை கிடைக்காது. ஜூன் கடைசியில் பேசுங்கள். டெண்டரில் கட்டும் செலவுக்குப் பக்கத்திலேயே, வருடத்துக்கொருமுறை கரையேற்றிக் கலப்பற்று அடிக்க (பலகை இடுக்குகளை அடைக்க), குங்கிலியமும் எண்ணெயும் பூச, பாய் தைக்க ஒரு தொகையை ஐந்து வருடத்துக்கு எழுதுங்கள். நங்கூரப் பூட்டுக்கு இரண்டு சாவி செய்து ஒன்றை எண்ணூர்க் குப்பத்தில் ஒருவரிடம் சம்பளத்தோடு கொடுங்கள். புயல் எச்சரிக்கை வரும் இரவில் பாய்மரத்தைச் சாய்க்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
படகு, பாய், கயிறு வேலை தெரிந்த சிலர்,
காசிமேடு.